அவர் யாருடைய ஆள்?

ஒரு சின்னக் கற்பனை. நீங்கள் 1975-ம் வருஷத்து அமெரிக்காவில் இருக்கிறீர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு. பேங்க் கடன் தரத் தயார். இந்த வருஷம் எப்படியாவது ஒரு வீடு வாங்கிவிடுவது என்று குடும்பத்தோடு கிளம்பிவிட்டீர்கள்.

ஊருக்குள் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ். கோட்டு சூட்டு போட்ட மனிதர் ஒருவர் எழுந்து வந்து கை குலுக்குகிறார். காபி தருகிறார். குழந்தைகளுக்கு மிட்டாய். தன் சொந்தக் காரில் உங்களை ஏற்றிக்கொண்டு வாரா வாரம் வீடு வீடாகக் காட்டுகிறார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கடை எங்கே, பஸ் எங்கே... எல்லாம் சொல்கிறார். சலிப்பே கிடையாது. இப்படி ஒரு நல்ல மனிதரா என்று உங்களுக்கே ஆச்சரியம்.

கடைசியில் ஒரு வீடு பிடித்துப்போகிறது. சொல்லும் விலை 45,000 டாலர். திரும்பி வரும் வழியில், காரில், நீங்கள் மெல்லச் சொல்கிறீர்கள்: ‘நாற்பதாயிரத்துக்குக் கேட்டுப் பாருங்கள் சார். ரொம்பப் பிடிவாதம் பிடித்தால் நாற்பத்து நாலு வரைக்கும் போகலாம்.’

முடிந்தது கதை.

ஏனென்றால், அவர் உங்கள் ஆள் இல்லை. சட்டப்படி அவர் வீட்டை விற்கிறவரின் ஆள். நீங்கள் நாற்பத்து நாலு வரை வருவீர்கள் என்கிற ரகசியத்தைப் போய் விற்பவரிடம் சொல்லவேண்டியது அவருடைய கடமை. சொன்னால் தப்பில்லை. சொல்லாமல் விட்டால்தான் தப்பு!

இத்தனைக்கும் அவர் மோசடிக்காரர் அல்ல. முறைப்படி பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கியவர். அப்புறம் எப்படி இந்தக் கூத்து?

அதைத் தெரிந்துகொள்ள நூறு வருஷத்துக்குமேல் பின்னால் போகவேண்டும். அதற்கு முன்னால், ஒரே ஒரு பாடம்.

பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டம் என்றொரு பேப்பர் நினைவிருக்கும். அதில் ‘ஏஜென்ஸி’ என்று ஓர் அத்தியாயம் வரும். எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். என் சார்பில் அதைச் செய்ய உங்களை அனுப்புகிறேன். நான் பிரின்சிபல், அதாவது முதலாளி. நீங்கள் ஏஜென்ட். நீங்கள் செய்தது, நானே செய்த மாதிரி. உங்கள் கையெழுத்து என்னைக் கட்டும். இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சட்டம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விசுவாசம்.

இங்கிலாந்தில் பிறந்த சட்டம் இது. அமெரிக்காவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் லைசென்ஸுக்குப் படிக்கிறவர்கள் ஏஜென்ட்டின் கடமைகளை மனப்பாடம் செய்ய ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ‘ஓல்ட் கார்’. பழைய கார்! ஆறு ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகள். சொன்னபடி கேட்பது, விசுவாசமாக இருப்பது, தெரிந்ததை மறைக்காமல் சொல்வது, ரகசியம் காப்பது, காசுக்குக் கணக்கு கொடுப்பது, கவனமாக வேலை பார்ப்பது.

ஆறும் அருமையான கடமைகள்தான். ஆனால் யாருக்கு? முதலாளிக்கு. எதிர்ப்பக்கம் நிற்பவரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும், பொய் சொல்லக்கூடாது. அந்த அளவோடு சரி.

ஆக, ‘இவர் நல்லவரா?’ என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது, ‘இவருக்கு முதலாளி யார்?’ என்பதைத்தான். அமெரிக்காவில் வீடு வாங்கிய ஜனங்கள் பல தலைமுறைகளாக இதைக் கேட்கவே இல்லை.

இப்போது சரித்திரத்துக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. அமெரிக்க நகரங்கள் ஊதிப் பெருத்துக்கொண்டிருந்த சமயம். ரயில் போகிற இடமெல்லாம் ஊர். ஊர் முளைக்கிற இடமெல்லாம் மனை. மனை இருக்கிற இடமெல்லாம் தரகர்.

தரகராக என்ன தகுதி வேண்டும்? ஒன்றும் வேண்டாம். வாய் இருந்தால் போதும். ஆபீஸ்கூட இல்லாமல் தெருவோரத்தில் நின்றபடியே வியாபாரம் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ‘கர்ப்ஸ்டோனர்’ என்று பட்டப்பெயர். கர்ப்ஸ்டோன் என்றால் நடைபாதை ஓரக் கல். காலையில் வருவார், கமிஷன் வாங்குவார், மத்தியானம் ஆளைக் காணோம்.

‘நெட் லிஸ்டிங்’ என்று ஒரு பழக்கமும் இருந்தது. வீட்டுக்காரர் தரகரிடம், ‘எனக்கு 3,000 டாலர் வந்தால் போதும். அதற்குமேல் எவ்வளவுக்கு விற்றாலும் உன்னுது’ என்பார். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீடு 5,000 டாலர் பெறும் என்று தரகருக்குத் தெரிந்தால், வாயைத் திறப்பாரா? முதலாளியின் அறியாமைதானே அவருக்கு லாபம்! விசுவாசம் என்கிற வார்த்தைக்கே அங்கே வேலை இல்லை. பல மாநிலங்களில் இன்று இதற்குத் தடை இருக்கிறது.

‘தரகன்’ என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். ஒழுங்காகத் தொழில் செய்தவர்களுக்கு இது பெரிய தலைவலி.

1908-ம் ஆண்டு மே 12-ம் தேதி. சிகாகோவில் 120 பேர் கூடினார்கள். பல ஊர்களின் ரியல் எஸ்டேட் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1913-ல் தொழில் தர்மம் என்று ஒரு விதித்தொகுப்பும் எழுதிக்கொண்டார்கள். இன்று ‘நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ்’ என்று அழைக்கப்படுவது இந்தச் சங்கம்தான். 2023-ல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 15 லட்சத்துக்கு மேல்!

அதென்ன ‘ரியல்டர்’?

அதற்கொரு குட்டிக்கதை உண்டு. மினியாபொலிஸ் நகரத்தில் சார்லஸ் சாட்போர்ன் என்று ஒரு தரகர். ஏழை விதவையை ஒரு ரியல் எஸ்டேட்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேப்பர் பையன் தெருவில் கூவி விற்றதைக் கேட்டார். வாங்கிப் படித்தால், ஏமாற்றிய ஆள் எங்கேயோ ஒரு மேஜையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்த யாரோ ஒருவன். இப்படிப்பட்டவனுக்கும் நமக்கும் ஒரே பெயரா என்று சாட்போர்னுக்குக் கடுப்பு. உட்கார்ந்து யோசித்து ஒரு புது வார்த்தையைக் கண்டுபிடித்தார். ரியல்டர். 1916-ல் தேசிய சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. சங்கத்து உறுப்பினர் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பெயர் மாறியது. பார்வை மாறியதா? 1922-ல் சின்க்ளேர் லூயிஸ் ‘பாபிட்’ என்று ஒரு நாவல் எழுதினார். கதாநாயகன் ஒரு ரியல் எஸ்டேட் தரகர். சங்கம், சமூக அந்தஸ்து, சுய திருப்தி என்று மிதக்கும் மனிதர். அமெரிக்கா விழுந்து விழுந்து படித்தது. ‘பாபிட்’ என்கிற பெயர் டிக்‌ஷனரியிலேயே ஏறிவிட்டது. 1930-ல் லூயிஸுக்கு நோபல் பரிசு. அமெரிக்க எழுத்தாளர் ஒருவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பாவம், ரியல்டர்கள்!

பெயர் மட்டும் போதாது, அரசாங்க முத்திரையும் வேண்டும் என்பது சங்கத்துக்குப் புரிந்திருந்தது. 1917-ல் கலிஃபோர்னியா மாநிலம் ரியல் எஸ்டேட் தரகர்களுக்கு லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் சட்டம். ஆனால் அது செல்லாது என்று கோர்ட் தூக்கிப் போட்டுவிட்டது. விடவில்லை. 1919-ல் திருத்தி எழுதி மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை கோர்ட் சரியென்றது. மற்ற மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. இன்று ஐம்பது மாநிலங்களிலும் லைசென்ஸ் இல்லாமல் அடுத்தவர் வீட்டை விற்றுக் கமிஷன் வாங்க முடியாது.

லைசென்ஸில் இரண்டு படி உண்டு. கீழ்ப்படி, சேல்ஸ்பெர்சன். கலிஃபோர்னியாவில் 18 வயது முடிந்திருக்க வேண்டும். கல்லூரி அளவில் மூன்று பாடங்கள் படிக்க வேண்டும். 150 கேள்விகள் கொண்ட பரீட்சையில் 70 சதவிகிதம் எடுக்க வேண்டும். மேல்படி, புரோக்கர். அதற்கு இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். 200 கேள்விகள், 75 சதவிகிதம். எந்த லைசென்ஸும் நாலு வருஷத்துக்குத்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டுக்கும் வித்தியாசம் பரீட்சையில் மட்டும் இல்லை. சேல்ஸ்பெர்சன் தனியாகக் கடை போட முடியாது. ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை பார்க்க வேண்டும். கமிஷனைக்கூட நேரடியாகக் கையில் வாங்கக்கூடாது, புரோக்கர் வழியாகத்தான் வரவேண்டும். வீட்டுக்காரர் போடும் ஒப்பந்தம் புரோக்கரோடு. காரில் கூட்டிக்கொண்டு போகிறவர் அந்த புரோக்கரின் கை, கால் மாதிரி. அவர் தப்பு செய்தால் புரோக்கரும் பதில் சொல்ல வேண்டும். பார்ட்டி கொடுக்கும் முன்பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலந்தால் லைசென்ஸே போய்விடும்.

நல்ல ஏற்பாடுதான். சந்தேகமே இல்லை. கர்ப்ஸ்டோனர்கள் ஒழிந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லைசென்ஸ் என்ன சொல்கிறது? ‘இவர் தரகு வேலை பார்க்கலாம்’ என்று சொல்கிறது. ‘இவர் யாருக்காகப் பார்க்கிறார்’ என்று சொல்கிறதா? இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் அந்த முத்திரைக் காகிதத்தைப் பார்த்த ஜனங்கள், அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்த மனிதர், நமக்காகத்தான் இருப்பார் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தது எம்.எல்.எஸ். மல்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ். ஊரில் உள்ள தரகர்கள் எல்லோரும் தங்களிடம் விற்பனைக்கு வந்த வீடுகளை ஒரே பட்டியலில் போடுவார்கள். ‘என் வீட்டை நீ விற்றுக் கொடு, கமிஷனில் பாதி உனக்கு. உன் வீட்டை நான் விற்கிறேன், பாதி எனக்கு.’ பிரமாதமான யோசனை. விற்பவருக்கு ஊர் முழுக்க ஆள் கிடைத்தது. வாங்குபவருக்கு ஒரே இடத்தில் எல்லா வீடும் கிடைத்தது.

அதற்குள் ஒரு சட்ட முடிச்சு ஒளிந்திருந்தது. வீட்டைப் பட்டியலில் போட்டதும், அதை விற்க முன்வரும் மற்ற எல்லாத் தரகர்களும் விற்பவரின் சப்-ஏஜென்ட் ஆகிவிடுவார்கள். இதுதான் எம்.எல்.எஸ். விதி. உங்களை மூன்று வாரம் காரில் சுற்றிக் காட்டினாரே அந்த நல்ல மனிதர்... அவர் அந்த வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும் அவருக்கு முதலாளி அந்த வீட்டுக்காரர்தான். நீங்கள் இல்லை.

ஆக, மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு தரகர்கள். இந்தப் பக்கம் நீங்கள். தன்னந்தனியாக.

இன்னும் சில பேருக்கு அந்தக் காரில் ஏறக்கூட இடமில்லை. 1924-ல் ரியல்டர்களின் தொழில் தர்ம விதிகளில் 34-வது விதி ஒன்று சேர்ந்தது. ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரையோ தேசத்தவரையோ ரியல்டர் அங்கே கொண்டுவரக் கூடாது! தர்மம் என்ற தலைப்பில் எழுதிய விதி இது. கறுப்பினத்தவருக்கு வெள்ளையர் பகுதியில் வீடு காட்டினால் அது தொழில் துரோகம். இனம் பற்றிய வார்த்தைகளை 1950-ல்தான் எடுத்தார்கள். 1947-ல் கறுப்பினத் தரகர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு, ‘ரியல்டிஸ்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு கூடாது என்று ஃபேர் ஹவுஸிங் சட்டம் வந்தது 1968-ல். ரியல்டர் சங்கத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020-ல். எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு அவிழ ஆரம்பித்தது 1983-ல்.

ஃபெடரல் டிரேட் கமிஷன் என்று அமெரிக்க அரசின் அமைப்பு ஒன்று உண்டு. வியாபாரத்தில் நியாயம் நடக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. வீட்டுத் தரகுத் தொழிலை அலசி அது ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடு வாங்கியவர்களிடம், ‘உங்களோடு வேலை பார்த்த தரகர் யாருடைய பிரதிநிதி?’ என்று கேட்டிருந்தார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சொன்ன பதில்: ‘என்னுடைய பிரதிநிதி. இதென்ன கேள்வி?’

சட்டம் ஒன்று சொல்கிறது. ஜனங்கள் நேர் எதிராக நம்புகிறார்கள். ஒரு நாடே பொய்யான நம்பிக்கையில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எண்ணிக்கையோடு தெரிய வந்தது.

அடுத்த வருஷம் இன்னொரு இடி. கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி 1976-ல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். ஒரு ஏக்கர் நிலம், நீச்சல் குளம், விருந்தினர் வீடு என்று ஜோரான வீடு. வாங்கிய கொஞ்ச நாளில் நிலம் சரிந்தது. சரியாக இறுக்காத, கொட்டி நிரப்பிய மண்மேல் கட்டிய வீடு. முன்பே சரிவு நடந்திருந்தது. தரகர்கள் கண்ணில் அதற்கான அடையாளங்கள் பட்டும் இருந்தன. யாரும் வாங்குபவரிடம் மூச்சு விடவில்லை. மதிப்பு 20,000 டாலர் வரை இறங்கிவிட்டதாகவும், சரி செய்ய 2,13,000 டாலர் வரை ஆகும் என்றும் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம்!

1984-ல் அப்பீல் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ‘நாங்கள் விற்பவரின் ஏஜென்ட்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விற்பவரின் தரகராகவே இருந்தாலும், வீட்டை ஒழுங்காகப் பார்வையிட்டு, தெரியவரும் குறைகளை வாங்குபவரிடம் சொல்லியே ஆகவேண்டும். மறு வருஷமே கலிஃபோர்னியா இதைச் சட்டத்தில் எழுதியது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடிய குறைகள் மட்டும் என்று ஒரு வரம்போடு.

அதோடு நிற்கவில்லை. 1988 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் தரகர் ஒரு படிவத்தை நீட்ட வேண்டும். தான் விற்பவரின் ஆளா, வாங்குபவரின் ஆளா, இருவருக்கும் பொதுவா என்று அதில் சொல்லி, கையெழுத்தும் வாங்க வேண்டும். மற்ற மாநிலங்களும் இதே வழியில் வந்தன. எம்.எல்.எஸ்-ஸில் கட்டாய சப்-ஏஜென்ஸி விதியை 1992-93-ல் ரியல்டர் சங்கம் கைவிட்டது. வாங்குபவருக்கென்றே வேலை பார்க்கும் ‘பையர்ஸ் ஏஜென்ட்’ பெருகியது அதற்குப் பிறகுதான்.

இருவருக்கும் பொது என்றேனே, அது தனி வில்லங்கம். ‘டூயல் ஏஜென்ஸி’. ஒரே ஆள், விலையை ஏற்றவும் பாடுபட வேண்டும், இறக்கவும் பாடுபட வேண்டும். ஒரே வக்கீல் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஆஜராகிற மாதிரி. இரண்டு பக்கமும் எழுத்தில் சம்மதித்தால் சரி என்கின்றன பல மாநிலங்கள். ஃப்ளோரிடா, கொலராடோ போன்றவை கூடவே கூடாது என்றுவிட்டன. அங்கே யார் பக்கமும் சாயாமல் காகித வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கும் ‘டிரான்ஸாக்‌ஷன் புரோக்கர்’ உண்டு. அவர் யாருடைய ஆளும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவார். இதுவும் ஒரு நேர்மைதானே.

சரி, வாங்குபவருக்குத் தனி ஏஜென்ட் வந்துவிட்டார். அவருக்குச் சம்பளம் யார் தருவது?

இங்கேதான் கடைசி முடிச்சு. வழக்கம்போல விற்பவரின் கமிஷனிலிருந்துதான் அவருக்கும் பங்கு போனது. வாங்குபவரின் ஆளுக்கு எவ்வளவு என்று விற்பவர் தரப்பு எம்.எல்.எஸ்-ஸில் அறிவித்துவிடும். எல்லாத் தரகர்களும் ஒரே கமிஷன் வாங்க வேண்டும் என்று சங்கம் நிர்ணயிப்பது சட்டவிரோதம் என 1950-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனாலும் 5, 6 சதவிகிதம் என்பது எழுதாத விதியாகவே நீடித்தது. எந்த வீட்டுக்குக் கமிஷன் அதிகமோ அந்த வீட்டுக்குத்தானே ஏஜென்ட் கூட்டிக்கொண்டு போவார் என்று வீட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். மிசௌரியில் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31-ம் தேதி கான்ஸாஸ் சிட்டியில் ஜூரி தீர்ப்பு. ரியல்டர் சங்கமும் பெரிய கம்பெனிகளும் சேர்ந்து கமிஷனைச் செயற்கையாக உயர்த்தினார்கள், நஷ்ட ஈடு சுமார் 180 கோடி டாலர்!

2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 17 முதல் புது விதிகள். எம்.எல்.எஸ்-ஸில் கமிஷன் பங்கை அறிவிக்கக் கூடாது. வாங்குபவருக்கு வீடு காட்டப் போகும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். உங்களுக்கு நான் என்ன செய்வேன், எவ்வளவு வாங்குவேன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அதாவது, காரில் ஏறுவதற்கு முன்பு கையெழுத்து. 1908-ல் சங்கம் ஆரம்பித்து இந்த ஒரு காகிதம் வர 116 வருஷம் ஆகியிருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே போன அதே இங்கிலாந்துச் சட்டம்தான் 1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டமாக இங்கேயும் வந்தது. ஏஜென்ட், பிரின்சிபல், கடமை எல்லாம் அதில் உண்டு. முதலாளியின் சம்மதமில்லாமல் ஏஜென்ட் தன் சொந்த லாபத்துக்கு அதே பேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்றுகூட எழுதியிருக்கிறது. லைசென்ஸ் விஷயத்திலும் நாம் 2016-ல் வந்துசேர்ந்தோம். ரெரா சட்டத்தின் 9-வது பிரிவு, பதிவு செய்யாத ஏஜென்ட் பதிவான புராஜெக்ட்டில் ஃபிளாட்டோ மனையோ விற்றுக் கொடுக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தரகரும், வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிறவரும் இந்தப் பிரிவுக்குள் வருவதில்லை.

பதிவு எண் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அது சொல்வது ‘இவர் விற்கலாம்’ என்பதை மட்டும்தான். அவர் கமிஷன் யாரிடமிருந்து வருகிறது, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, உங்கள் கடைசி விலை அவர் காதில் விழுந்தால் எந்த வீட்டு வாசலுக்குப் போகும்... இதையெல்லாம் எந்தச் சான்றிதழும் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறாரா? பரவாயில்லை. பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.